லட்டுவுக்கு எவ்வளவு முடி வைக்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் லட்டு என்று ஒரு டாய் பூடல் (சுருள்முடி உள்ள குட்டி நாய் இனம்) இருக்கிறான். 11 மாதம், ஏப்ரிகாட் (வெளிர் ஆரஞ்சு) நிறம். போன மாதம் வரை வாரம் ஒரு முறை பிரஷ் போட்டாலே போதும். திடீரென்று காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் சடை பிடித்துவிட்டது. குளிப்பாட்டினால் சரியாகும் என்று குளிப்பாட்டிக் காற்றாடியில் காயவிட்டேன், இன்னும் மோசம். குரூமிங் கடையில் கொடுத்தால் உடம்பு முழுக்க வழித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டதற்கு "வேற வழி இல்ல" என்றார்கள். இப்போது வயிற்றிலும் கன்னத்திலும் சிவப்பாக இருக்கிறது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். நிறமும் வெளுத்த மாதிரி தெரிகிறது. "இந்த வெயிலுக்கு மாசாமாசம் மொட்டையே அடி" என்கிறார் மாமியார். கணவருக்கு டெடி பேர் முகம் வேண்டும். மகளோ நாய்க் கண்காட்சியில் வருகிற பந்து பந்தான அலங்காரம்தான் வேண்டும் என்கிறாள். கடை செய்தது சரியா? இனி வீட்டிலேயே நான் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சிவப்பைக் கவனிப்போம். அலங்காரம் அப்புறம்.

மஞ்சளையும் எண்ணெயையும் இன்றோடு நிறுத்துங்கள். வெளிர் முடியில் மஞ்சள் ஏறினால் சீக்கிரம் போகாது. எண்ணெய் தூசியையும் அழுக்கையும் பிடித்துவைக்கும். அதன் வாசனைக்கு நாய் நக்கிக்கொண்டே இருக்கும். லேசான சிவப்பு புண்ணாவது பெரும்பாலும் நக்குவதால்தான். நாய் ஷாம்பூவைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து அந்த இடத்தை மட்டும் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். வாசல் தொட்டியிலிருக்கும் கற்றாழையை வெட்டித் தடவ வேண்டாம். தோலுக்கும் சோற்றுக்கும் நடுவே வடியும் மஞ்சள் பாலை நக்கினால் வயிற்றுப்போக்குதான்.

கிளிப்பர் (முடி வழிக்கும் மின்கருவி) பட்ட சிவப்பு இரண்டு மூன்று நாளில் தணிய வேண்டும். நீர் வடிந்தாலோ, வாடை வந்தாலோ, சிவப்பு பரவினாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். இன்னொன்றையும் பாருங்கள். காதில் கெட்டியாகச் சடை பிடித்திருந்து அதை வழித்த பிறகு, சில நாய்கள் தலையை ஓயாமல் உதறும். அதில் காது மடலுக்குள் இரத்தம் கட்டி, மடல் தலையணை போல உப்பிவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

அடுத்து கடை. வழித்தது தப்பில்லை. சடை தோலோடு ஒட்டி விரிப்பு போல ஆகிவிட்டால், கிளிப்பர் அதற்கு அடியில்தான் நுழைய முடியும். அங்கே நுழையக்கூடியது 10-ஆம் எண் பிளேடு போன்ற குட்டையானவை. 10 விட்டுவைப்பது 1.5 மி.மீ. முடி. நீளம் விடும் பிளேடுகளில் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம். அதில் தோல் மடிப்பு சிக்கினால் வெட்டிவிடும். சீப்பால் இழுத்து இழுத்துப் பிரிக்கலாமே என்றால், மூன்று கிலோ நாயை மூன்று மணி நேரம் அழவைக்க வேண்டும். அதன் பிறகு அது ஜென்மத்துக்கும் சீப்பைக் கண்டால் ஓடும். முடி மறுபடி வளரும், அந்தப் பயம் லேசில் போகாது.

தப்பு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. வழிக்கும் முன் உங்களைக் கூப்பிட்டு, முடியை விலக்கிச் சடையைக் காட்டி, "இதனால்தான் வழிக்கிறோம், அடியில் தோல் சிவந்திருக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சிவப்புக்குக் காரணம் சூடேறிய பிளேடாக இருக்கலாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டியதாக இருக்கலாம், சடைக்கு அடியில் காற்றுப் படாமல் ஏற்கெனவே தோல் நொந்திருக்கலாம். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

நிறம் வெளுத்ததற்குக் கடையைக் குறை சொல்லாதீர்கள். ஏப்ரிகாட், சிவப்பு நிறப் பூடல்கள் வளர வளர வெளுப்பது பிறவிக் குணம். குட்டிக் காலத்து முடியின் நுனி அடர்நிறமாக இருந்தது. அதை வழித்ததும் அடியிலிருந்த வெளிர் நிறம் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, வாரம் ஒரு பிரஷ் போதுமாக இருந்தது ஏன் திடீரென்று போதவில்லை? லட்டுவின் வயதுதான் காரணம். பூடல் குட்டியின் முடி மெல்லியது, பட்டு மாதிரி. ஏறக்குறைய 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அது உதிர்ந்து, அடர்த்தியான கம்பிச்சுருள் முடி வருகிறது. "பூடலுக்கு முடி கொட்டாது" என்று விற்கிறவர்கள் சொல்வது பாதி உண்மை. உதிரத்தான் உதிர்கிறது. தரையில் விழாமல் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொள்கிறது. சோபாவில் முடி இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில், உதிர்ந்ததும் முளைத்ததும் பின்னிக்கொண்டு சடையாகிவிடும். இந்த மாற்றக் காலத்தில் நான்கு நாள் விட்டாலே போதும், முடிச்சு விழும். இரண்டு வயதை நெருங்கும்போது கொஞ்சம் அடங்கும்.

கோலாலம்பூர்க் காற்றின் ஈரமும், சாயங்கால மழையும் இதோடு சேர்கின்றன. நனைந்து வந்த நாயைத் துண்டால் பரபரவென்று தேய்ப்பது நம் வழக்கம். சுருள்முடியை வட்டமாகத் தேய்த்தால் சடையை நாமே திரித்துக் கொடுத்ததாகும். அழுத்தி ஒற்றுங்கள். நெஞ்சுவார் (ஹார்னஸ்) மாட்டும் வழக்கம் இருந்தால் வீட்டுக்குள் வந்ததும் கழற்றுங்கள். அது உரசும் இடத்தில்தான், அதாவது முன்னங்கால் இடுக்கில்தான், முதல் சடை விழும்.

நீங்கள் செய்த குளியலிலும் இதே கதைதான். முடிச்சு இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது இறுகும். காய்ந்ததும் கம்பளி சுருங்கினது போல ஆகிவிடும். சீப்பு தடங்கலில்லாமல் ஓடிய பிறகுதான் தண்ணீர்.

சீவும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு கருவி போதும். ஒன்று ஸ்லிக்கர் பிரஷ்: சதுரத் தலையில் மெல்லிய வளைகம்பிகள் நெருக்கமாக இருக்கும். இன்னொன்று இரும்புச் சீப்பு: ஒரு பாதியில் பல் அகலம், மறுபாதியில் நெருக்கம். ஸ்லிக்கரை முதலில் உங்கள் முழங்கை உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அத்தனை அழுத்தம் நாய்க்கும் கூடாது.

மேசையில் யோகா பாய் விரித்து லட்டுவைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பின்னங்காலில் பாதத்தின் மேல்விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். இடது உள்ளங்கையால் மேலே உள்ள முடியை எல்லாம் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால், கீழே ஒரு விரல் அகலத்துக்கு முடி தொங்கும். வகிடு எடுத்தது போலத் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் நுனி, பிறகு நடு, பிறகு அடி என்று சின்னச் சின்ன இழுப்பாக ஸ்லிக்கரை ஓட்டுங்கள். அதே இடத்தில் சீப்பின் அகலப் பல், பிறகு நெருக்கப் பல். நெருக்கப் பல் தோலைத் தொட்டபடி நுனிவரை நிற்காமல் வந்தால்தான் கையைத் தளர்த்தி அடுத்த வரி முடியைக் கீழே இறக்க வேண்டும். கீழிருந்து மேலாக, கூரைக்கு ஓடு வேய்கிற வரிசையில் இடுப்பு வரை ஏறுங்கள்.

எல்லாரும் செய்கிற பிசகு, மேலாக மட்டும் பிரஷ் போடுவது. பார்வைக்குப் பஞ்சு மாதிரி உப்பி அழகாக இருக்கும். விரலை உள்ளே விட்டால் அடியில் ஒரு படலம் தட்டுப்படும். வாராவாரம் நீங்கள் போட்ட பிரஷ்ஷும் இதுதானோ என்று சந்தேகம். தினமும் விரலை விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்: காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி, தொடையின் உட்புறம், வால் தொடங்கும் இடம், விரல் நடுவே. உண்ணி ஒளிவதும் பெரும்பாலும் இங்கேதான், குறிப்பாகக் காதிலும் விரல் இடுக்கிலும். கண்டால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் வைக்காதீர்கள்.

சிறு முடிச்சு கிடைத்தால் அதன்மேல் ஒரு சிட்டிகை சோள மாவைத் தூவி, தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே முடியை இரு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. சீப்பின் கடைசிப் பல்லால் முடிச்சை நீளவாக்கில் கிழித்து, துண்டுகளை நுனியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதீர்கள். முடிச்சைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரம் போலக் கூடவே எழும்பும். அதோடு சேர்த்து வெட்டித் தையல் போடப் போனவர்கள் நிறைய. கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய சடை நாலைந்து இருந்தால் போராடாமல் கடைக்குப் போய் அந்த இடத்தை மட்டும் வழித்துவிடுங்கள்.

குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தண்ணீர் உங்கள் மணிக்கட்டுக்குச் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கட்டும். நடுப்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும், பார்த்துத் திறவுங்கள். ஷாம்பூ புட்டியில் 1:10 என்று போட்டிருந்தால் 30 மி.லி.க்கு 300 மி.லி. தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் தோல்வரை அலசி எடுக்க முடியாது, மிச்சம் அரிக்கும். முடி வளரும் திசையிலேயே கையை ஓட்டுங்கள். கண்டிஷனரும் அவசியம், வறண்ட சுருள் சீக்கிரம் பின்னும்.

உலர்த்துவதில்தான் பாதி வேலை. காற்றாடியிலும் ஏர்கோனிலும் தானாகக் காய்ந்த பூடல் முடி சுருண்டுகொண்டு காயும், அடியில் ஈரம் தங்கும். ஒற்றி எடுத்த பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, ஒரு அடி தள்ளிப் பிடித்து, காற்று விழும் அதே இடத்தில் ஸ்லிக்கரால் முடியை மேல்நோக்கி நீட்டி நீட்டி விடுங்கள். சுருள் நிமிர்ந்து நேராகும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். டாய் பூடலுக்கு அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். முடிந்ததா என்று உள்ளங்கையால் பார்க்காதீர்கள். புறங்கையை இடுக்கிலும் காதுக்கு அடியிலும் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. கடையில் கொடுக்கும்போதும் எப்படி உலர்த்துவார்கள் என்று கேளுங்கள். சூடான காற்றுப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போகும் கடை வேண்டாம். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. அந்தப் பெட்டிக்குள் மூச்சிரைத்தும் சூடு தணியாது.

இனி உங்கள் வீட்டு மூவரின் ஆசைக்கு வருகிறேன். எந்த அலங்காரம் என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரத்தில் எத்தனை நிமிடம் மேலே சொன்ன மாதிரி சீவ முடியும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிமிடக் கணக்கு தாங்குகிற நீளம்தான் லட்டுவின் நீளம்.

மாமியார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பொமரேனியன், ஹஸ்கி போன்ற இரட்டை ரோம நாய்களை வழித்தால் முடி பழையபடி வராமலே போகலாம். பூடலுக்கு அடிரோமம் இல்லை, அதனால் அந்தப் பயமில்லை. ஆனால் 1.5 மி.மீ.க்கு வழித்தால் வெயிலும் கொசுவும் நேரே தோலில் இறங்கும். இதயப் புழுவைக் கொசுதான் பரப்புகிறது. முடி எந்த நீளமானாலும் அதற்கு மாதத் தடுப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். மொட்டைக்குப் பதில் 7எஃப் பிளேடு 3.2 மி.மீ. விடும், 5எஃப் 6.3, 4எஃப் 9.5, 3எஃப் 13. எண் கூடக் கூட முடி குறையும். ஒரே பிளேடை முடிக்கு எதிர்த்திசையில் ஓட்டினால் இன்னும் குட்டையாகும். கடையில் "கொஞ்சம் குட்டையா" என்று சொன்னால் ஆளுக்கு ஓர் அர்த்தம். "உடம்புக்கு 4எஃப், முடி போகும் திசையில்" என்று சொல்லிப் பாருங்கள், குழப்பமே வராது.

கணவர் கேட்கும் டெடி பேர், இனத்தின் பழைய அலங்காரங்களில் சேர்ந்தது அல்ல. செல்லநாய்களுக்காக வந்த பாணி. உடம்பு 1.5 முதல் 2.5 செ.மீ., கால் அதைவிடச் சற்று நீளம், முகவாய் உருண்டை. படத்துக்கு அழகுதான். ஆனால் முகவாய் முடி சோறும் தண்ணீரும் கண்ணீரும் சேரும் இடம். தினமும் இருவேளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தாவிட்டால் வாய் ஓரம் செம்பழுப்பாகி வாடையடிக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கடை, ஒன்றுவிட்டு ஒருநாள் கால் மணி சீவல். இந்த மாற்றக் காலம் முடியும் வரை இந்த நீளம் வேண்டாம் என்பது என் கருத்து.

மகள் பார்த்தது கான்டினென்டல். இடுப்பில் இரண்டு உருண்டை, கணுக்காலில் காப்பு, வால் நுனியில் பந்து, நெஞ்சில் பிடரி. கேலிக்கூத்து மாதிரி தெரிந்தாலும் காரணத்தோடு வந்த அலங்காரம். பூடல் தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவரும் வேட்டைநாய். நீந்தும்போது கனம் குறைய இடுப்பை வழித்து, குளிர் தாக்காமல் நெஞ்சுக்கும் மூட்டுக்கும் முடி விட்டார்கள். பிரெஞ்சில் இதன் பெயரான கனிஷிலேயே வாத்து இருக்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி 12 மாதம் நிறைந்த பூடல் கான்டினென்டலிலோ, பின்னுடம்பில் குட்டை முடி விடும் இங்கிலீஷ் சேடலிலோதான் போட்டி வளையத்துக்குள் வர வேண்டும். அதற்குக் கீழ் இருந்தால் குட்டிகளுக்கான பப்பி கிளிப் போதும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும் என்று வையுங்கள். வழித்த உடம்பில் அந்தப் பிடரி வர ஒரு வருடத்துக்கும் மேலாகும், அதுவரை தினசரிச் சீவல். பள்ளிக்கூடப் பிள்ளை தலையில் இதைக் கட்டாதீர்கள்.

அவளுக்கு ஒரு மாற்று உண்டு: மியாமி. உடம்பும் கால்களும் 5எஃப் குட்டை. நாலு கணுக்காலிலும் வால் நுனியிலும் மட்டும் பந்து, தலையில் வட்டக் கொண்டை. சீவ வேண்டியது ஆறு இடம், பத்து நிமிடம். கணுக்காலில் 3 செ.மீ.யாவது வேண்டும் என்பதால் மூன்று நான்கு மாதம் பொறுக்கட்டும். அதுவரை லட்டுவுக்கு நான் சொல்வது லேம் கிளிப், அதாவது ஆட்டுக்குட்டிப் பாணி. ஐந்து வாரம் கழித்துக் கடைக்குப் போய் உடம்பை 4எஃப் அளவில் சமன் செய்து, முகமும் பாதமும் சுத்தமாக வழித்து, கால் முடியை மட்டும் வளரவிடச் சொல்லுங்கள். முதல் நாளே "கணுக்காலைத் தொடாதீர்கள்" என்று சொல்லாவிட்டால் மகளின் நான்கு மாதம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் போவதானால் முன்கூட்டியே நாள் குறித்துவிடுங்கள். அவசர அவசரமாக ஓட்டும் கிளிப்பரில்தான் தோல் சிவக்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது சீவல், குளியல், உலர்த்தல், கண்ணோரம், பாதம், நகம். உருட்டி வெட்டும் கத்தரி வேலையைக் கடைக்கு விட்டுவிடுங்கள். முகத்தைக் கிளிப்பரில் எடுக்க ஆசையிருந்தால், இந்தச் சிவப்பு முழுக்க ஆறிய பிறகு 10-ஆம் எண்ணோடு தொடங்குங்கள், 15, 30 வேண்டாம். நாய் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். காதின் முன்மூலையிலிருந்து கண்ணின் வெளிமூலை வரை ஒரு நேர்கோடு, அங்கிருந்து மூக்குவரை. உதட்டு மடிப்பைப் பின்னுக்கு இழுத்துத் தட்டையாக்கிக்கொண்டு ஒரு இடத்தில் ஒரே ஓட்டம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள், நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் சுடும். கண்ணோரம் வெட்ட நுனி மழுங்கிய சிறு கத்தரி. அதன் முனை எப்போதும் மூக்கின் பக்கமே பார்க்கட்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது. மறுகை தாடையைப் பிடித்திருக்க வேண்டும்.

காது விஷயத்தில் பழைய வழக்கம் ஒன்று மாறிவருகிறது. பூடலின் காதுக் குழாய்க்குள்ளும் முடி முளைக்கும். முன்பு கடைகளில் மாதாமாதம் அதைப் பிடுங்குவார்கள். நலமாக இருக்கும் காதில் பிடுங்கினால் உள்தோல் புண்பட்டு அழற்சி வரலாம் என்பதால், தேவை இருந்தால் மட்டும் என்பதே இப்போது பலர் தரும் ஆலோசனை. உங்கள் கடையிடம் "பிடுங்க வேண்டாம், காதுத் துளையின் ஓரத்தில் இருப்பதை மட்டும் கத்தரியுங்கள்" என்று சொல்லுங்கள். குளியலுக்குப் பின் விரலில் பஞ்சு சுற்றி எட்டும் இடம்வரை ஒற்றினால் போதும். காதுக்குச்சி உள்ளே போகக் கூடாது. பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகம் கறுப்பாக இருந்தால் ஒரு மி.மீ. ஒரு மி.மீ.யாகச் சீவிக்கொண்டு வாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் ஈரப்பசையோடு ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். இரத்தம் வந்துவிட்டால் சோள மாவை அழுத்தி இரண்டு மூன்று நிமிடம் பிடித்தால் நிற்கும். முன்னங்காலின் உட்புறம், தரையில் படாமல் உயரத்தில் ஒரு விரல் நகம் இருக்கிறதா பாருங்கள். தேயாது என்பதால் அது வளைந்து வளர்ந்து தோலுக்குள்ளேயே குத்தும். கணுக்கால் முடியை வளர்க்க ஆரம்பித்த பிறகு அது கண்ணுக்கே தெரியாது, ஆகவே ஒவ்வொரு குளியலிலும் விரலால் தடவிப் பாருங்கள்.